செல்போன் கதிர்வீச்சால் மறதி வருமா? மாத்திரை உண்டா?

பாலக்கோட்டான் (பதிவு 1)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வேலை ஓசூரில், வீடு தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமம். அம்மாவுக்கு 58 வயது. ஆறேழு மாதமாக மறதி கூடிக்கொண்டே போகிறது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விடுகிறார். தீய்ந்த வாசனை வந்தால்தான் நினைவு வருகிறது. தக்காளி எத்தனை பெட்டி மண்டிக்குப் போனது என்று காலையில் கேட்டதையே மதியமும் கேட்கிறார். போன வாரம் சொந்த அண்ணன் மருமகளின் பெயர் வாயில் வரவில்லை, அந்தப் பெண் எதிரே நிற்கும்போதே.

அம்மா எப்போதும் போனும் கையுமாக இருப்பவர். பெங்களூரில் இருக்கும் தங்கையோடு தினமும் ஒரு மணி நேரப் பேச்சு, படுத்தால் தலையணைக்கு அடியில் போன். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் தென்னந்தோப்புக்குப் பின்னால் டவரும் வந்தது. அந்தக் கதிர்வீச்சுதான் மூளையைத் தின்கிறது என்று சித்தப்பா அடித்துச் சொல்கிறார்.

நானும் பயந்துபோய், பேருந்து நிலையத்துக்கு வெளியே மேசை போட்டு விற்றுக்கொண்டிருந்த ஒருவரிடம், போனில் ஒட்டும் கதிர்வீச்சுத் தடுப்பு ஸ்டிக்கர் இரண்டும், 'கதிர்வீச்சு மறதிக்கு' என்று ஒரு கேப்சூல் டப்பாவும் வாங்கிவிட்டேன். மொத்தம் 1,850 ரூபாய். டப்பாவில் வல்லாரை, நீர்ப்பிரமி, மஞ்சள் சத்து, வைட்டமின் ஈ என்று இருக்கிறது. ஒவ்வொன்றும் எவ்வளவு என்று இல்லை. எலிகளில் சோதித்து நிரூபித்தது என்றார்.

அப்படி ஒரு சோதனை உண்மையிலேயே நடந்ததா? அம்மாவுக்கு இதைக் கொடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குருவி_எங்கே (பதிவு 2)

உங்கள் சித்தப்பா சொல்வதுதான் சரி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே 2011இல் செல்போன் அலைகளை 'புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு உள்ளவை' என்று 2பி பட்டியலில் வைத்துவிட்டது. 2017இல் குவாலியரில் வீட்டு வேலை செய்யும் ஒருவர் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு டவரையே நிறுத்தச் சொன்னது. மணிப்பாலில் எலிகளுக்கு வெறும் மிஸ்டு கால் கொடுத்தே ஞாபகத்தைக் குறைத்துக் காட்டினார்கள், 2009இல் வந்த ஆய்வு. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிதா? தண்ணீரில் ஃப்ளூரைடு இருக்கிறது, பல்லும் எலும்பும் போகிறது என்று எத்தனை வருடம் கத்தினோம்! யார் காதில் விழுந்தது? ஒகேனக்கல் குடிநீர் வந்தபோது ஒரு தலைமுறைக்கே பல் பழுப்பாகிவிட்டிருந்தது. டவர் கதையும் அப்படித்தான் முடியும். முதலில் டவரை எடுக்கச் சொல்லி மனு கொடுங்கள்.

கம்பம்_ஏறி (பதிவு 3)

டவர் பராமரிப்பில் பன்னிரண்டு வருடம். தொப்பூரிலிருந்து தளி வரை நான் ஏறாத கம்பம் குறைவு. என் பிழைப்பே இதில்தான், அதனால் சார்பாகப் பேசுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

மேலே நீளப் பெட்டி மாதிரித் தொங்குவதுதான் ஆன்டெனா. அது டார்ச் லைட்டைக் கிடைமட்டமாகப் பிடித்தது போலத் தூரத்தைப் பார்த்து அடிக்கும், கொஞ்சமாகக் கீழே சாய்த்திருப்போம். கம்பத்தின் காலடியில் அலை குறைவுதான். 2012 செப்டம்பர் 1 முதல் நம் நாட்டில் டவருக்கு வைத்த வரம்பு சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கு. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு சதுர மீட்டருக்கு 0.45 வாட். உங்கள் ஊர் டவர் விதிக்குள் இருக்கிறதா என்று அரசின் 'தரங் சஞ்சார்' தளத்தில் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் பணம் கட்டி அளந்தும் பார்க்கச் சொல்லலாம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது காதில் இருக்கும் போனை. டவர் எங்கேயோ நிற்கிறது, போன் மண்டையோடு ஒட்டியிருக்கிறது. போனுக்கு ஒரு குணம் உண்டு. டவர் பக்கத்தில் இருந்தால் முணுமுணுக்கும், தூரத்தில் இருந்தால் கத்தும். பழைய 2ஜி போன் உச்சத்தில் 2 வாட் வரை போகும், நல்ல சிக்னலில் சில மில்லிவாட்டுக்கு இறங்கிவிடும். பல நூறு மடங்கு வித்தியாசம். 4ஜி போனின் உச்சமே 0.2 வாட்தான். ஒரு கோடு சிக்னலில் பேசினால் போன் சுடுகிறதே, பேட்டரி கடகடவென்று இறங்குகிறதே, பார்த்திருப்பீர்கள். அதுதான் அந்தக் கத்தல்.

ஒரு ஊரில் போராட்டம் செய்து டவரை வராமல் தடுத்தார்கள். இன்றைக்கும் அந்த ஊர்க்காரர்கள் ஒரு கோட்டில்தான் பேசுகிறார்கள். கதிர்வீச்சுக்குப் பயந்து கதிர்வீச்சைக் கூட்டிக்கொண்டார்கள். தென்னந்தோப்புக்குப் பின்னால் டவர் வந்த பிறகு உங்கள் அம்மாவின் காதுக்குப் போகும் அலை குறைந்துதான் இருக்கும்.

ஸ்டிக்கரைப் பற்றி: அது ஒன்றும் செய்யாது என்றால் பண நஷ்டத்தோடு போயிற்று. உண்மையிலேயே ஆன்டெனாவைப் பாதி மறைத்தால், போன் சிக்னல் போதவில்லை என்று இன்னும் சத்தமாகக் கத்தும். அமெரிக்க வணிக ஆணையம் மக்களுக்குச் சொன்ன எச்சரிக்கையும் இதுவே. எடுத்துவிடுங்கள்.

அஞ்செட்டி_அக்கா (பதிவு 4)

கம்பம்_ஏறி தம்பி சொல்வதை நான் தினமும் அனுபவிக்கிறேன். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் மாட்டுக்கொட்டகையின் வடக்குத் தூண். மழை வந்தால் அதுவும் போச்சு. பேசி முடித்துக் கையில் எடுத்தால் அடுப்பிலிருந்து எடுத்த ராகி ரொட்டி மாதிரி இருக்கும். சரி, அப்படியானால் எங்கள் மலையில்தான் மறதி அதிகம் இருக்க வேண்டும், இல்லையா? எங்கள் பாட்டி 84 வயதில் யார் யாருக்கு எத்தனை படி கேழ்வரகு கடன் கொடுத்தார் என்று இன்னும் சொல்கிறார். பாட்டியிடம் போன் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் குருவி தம்பி பிடித்துக்கொள்வார்.

போனைத் தூணில் ஆணி அடித்து மாட்டி ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுவோம். ஊருக்கே கேட்கும். அது வேறு பிரச்சினை.

எலிக்கூண்டு (பதிவு 5)

கடைசியில் என் துறைக்கு வந்துவிட்டீர்கள். எம்.ஃபார்ம் படிக்கும்போதும் அதற்குப் பிறகும் மூன்று வருடம் எலிகளின் ஞாபக சக்தியைச் சோதித்ததுதான் என் வேலை. மருந்து விற்பவர் சொன்ன 'எலிகளில் சோதித்தது' என்பது பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குள் என்னென்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

எலியின் ஞாபகத்தை அளக்க 'மாரிஸ் நீர்ப்புதிர்' என்று ஒரு சோதனை உண்டு. பெரிய வட்டத் தொட்டி, பால் பவுடரோ பெயின்ட்டோ கலந்து கலங்கலாக்கிய தண்ணீர், அதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்ன மேடை. எலியை விட்டால் நீந்தித் தவித்து மேடையைக் கண்டுபிடிக்கும். சுவரில் ஒட்டியிருக்கும் படங்களை அடையாளம் வைத்து நாளுக்கு நாள் சீக்கிரம் வந்துவிடும். கடைசி நாள் மேடையை எடுத்துவிடுவோம். ஞாபகம் உள்ள எலி மேடை இருந்த பகுதியிலேயே சுற்றிச் சுற்றித் தேடும். அதைப் பார்க்கும்போது மனசு கொஞ்சம் கஷ்டப்படும், அது தனிக்கதை.

குருவி சொன்ன மணிப்பால் ஆய்வு உண்மை. விஸ்டார் என்ற ஆய்வக வகை எலிகளுக்கு நாளுக்கு 50 மிஸ்டு கால், நான்கு வாரம். அவை மேடையை அடைய அதிக நேரம் எடுத்தன. ஆனால் அந்தப் போன் வைப்ரேட்டில் இருந்தது. கூண்டுக்குள் ஒரு நாளைக்கு 50 தடவை தரை அதிர்ந்தால் கால் கிலோ எடைகூட வராத பிராணி என்ன ஆகும்? மறதி அலையால் வந்ததா, அதிர்வால் வந்ததா? அந்த அமைப்பை வைத்துக்கொண்டு எப்படிப் பிரிப்பது?

அடுத்து மருந்துகள். இந்தத் துறையில் துருக்கிக்காரர்கள் நிறையச் செய்திருக்கிறார்கள். 2004இல் ஜிங்கோ என்ற மரத்தின் இலைச் சாறு: தினம் ஒரு மணி நேரம் 900 மெகாஹெர்ட்ஸ் அலை, ஏழு நாள். சாறு கொடுத்த எலிகளின் மூளையில் ஆக்சிஜனேற்றச் சேதம் குறைவு என்று வந்தது. அதே பாணியில் தூக்க ஹார்மோனான மெலடோனின், வைட்டமின் சி, ஈ, தேனீப் பிசினிலிருந்து எடுக்கும் ஒரு பொருள், மஞ்சளின் குர்குமின் என்று வரிசையாக வந்தன. ஏறக்குறைய எல்லாமே 'பாதுகாக்கிறது' என்றுதான் முடியும். எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான். எதைக் கொடுத்தாலும் வேலை செய்கிறது என்றால், அளவிடும் முறையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனைகள் பலவற்றில் எலியை ஒரு குறுகிய பிளாஸ்டிக் குழாய்க்குள் அசையாமல் அடைப்பார்கள், தலை மட்டும் ஆன்டெனா பக்கம். அடைபடுவதே எலிக்குப் பெரிய மன அழுத்தம். அழுத்த ஹார்மோன் ஹிப்போகேம்பஸ் என்னும் ஞாபகப் பகுதியை நேராகவே பாதிக்கும். அலை இல்லாமல் அதே குழாயில் அடைத்த குழு இல்லையென்றால், அல்லது யாருக்கு அலை போனது என்று தெரிந்தவரே கடிகாரத்தைப் பிடித்தால், அந்த முடிவை நான் நம்ப மாட்டேன்.

இன்னொரு கணக்கு. எலிக்குக் கிலோவுக்கு 10 மி.கி. மெலடோனின் கொடுத்தால் மனிதருக்குச் சமமான அளவு அதை 6.2ஆல் வகுத்தால் வருவது, கிலோவுக்கு சுமார் 1.6 மி.கி. 60 கிலோ எடையுள்ள அம்மாவுக்குக் கிட்டத்தட்ட 97 மி.கி. கடையில் கிடைக்கும் மெலடோனின் மாத்திரை 3 மி.கி. ஆக, எலிக்கு வேலை செய்தது என்ற பேச்சை மாத்திரை டப்பாவில் ஒட்டுவதற்கு ஒரு நியாயமும் இல்லை. உங்கள் டப்பாவில் அளவே போடவில்லை என்கிறீர்கள், கணக்குப் போடவும் வழியில்லை.

குருவி_எங்கே (பதிவு 6)

எலியை ஒதுக்கிவிட்டீர்கள், சரி. மனிதர்களுக்கு வாருங்கள். சுவிட்சர்லாந்தில் 12 முதல் 17 வயதுள்ள ஏறக்குறைய 700 பிள்ளைகளை ஒரு வருடம் பின்தொடர்ந்து 2018இல் வெளியிட்டார்கள். மூளைக்கு அதிக அலை போனவர்களுக்கு உருவங்களை நினைவில் வைக்கும் திறன் குறைந்தது. அதுவும் வலது காதில் போன் வைத்தவர்களுக்கு. 2011இல் அமெரிக்காவில் 47 பேரின் காதில் 50 நிமிடம் போனை வைத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள், ஆன்டெனா பக்கத்தில் சர்க்கரைப் பயன்பாடு கூடியது. அலை ஒன்றுமே செய்யாது என்றால் மூளை ஏன் பதில் சொல்கிறது?

வாத்தியார்_ஓய்வு (பதிவு 7)

பென்னாகரம் பக்கம் முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன். குருவி தம்பிக்கு ஒரு வார்த்தை. ஃப்ளூரைடை இழுத்தீர்கள், நல்ல உதாரணம். ஆனால் அது உங்கள் கட்சிக்கு உதவாது.

என் வகுப்பில் எந்த ஊர்ப் பையன் என்று பல்லைப் பார்த்தே சொல்லிவிடலாம். கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தால் லிட்டருக்கு 1.5 மி.கி. வரம்பைத் தாண்டியிருக்கும். கூடுதலாக இருந்த ஊரில் கறை கூடுதல், குறைவாக இருந்த ஊரில் குறைவு. ஒரே ஊரில் வேறு கிணறு குடித்த வீட்டுப் பிள்ளைக்குப் பல் வெள்ளை. ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்தது, காவிரித் தண்ணீர் குடித்து வளரும் பிள்ளைகளின் பல்லை இப்போது பாருங்கள். காரணம் கூடினால் விளைவு கூடுகிறது, காரணத்தை எடுத்தால் விளைவு போகிறது. யார் அளந்தாலும் அதே பதில். இதைத்தான் ஆதாரம் என்கிறோம். போன் அலையில் இப்படி ஒரு ஒழுங்கு கிடைத்ததா? இருபது வருடத்தில் நம் மாவட்டத்தில் போன் எத்தனை மடங்கு கூடியது என்று நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் 'கதிர்வீச்சு' என்ற சொல்லே எல்லோரையும் குழப்புகிறது. எக்ஸ்ரேயும் அணு உலையும் தருவது அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் கதிர். அதற்குச் சுமார் 10 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு துகளில் இருப்பது அதில் 27 லட்சத்தில் ஒரு பங்கு. அது மூலக்கூறுகளை ஆட்டும், கொஞ்சம் சூடாக்கும். டிஎன்ஏவை உடைக்க அதற்குச் சக்தி இல்லை. சூடாக்குவதற்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள்: நம் நாட்டில் ஒரு கிராம் திசுவுக்குச் சராசரி எடுத்து கிலோவுக்கு 1.6 வாட். உங்கள் போனில் *#07# அழுத்திப் பாருங்கள், பல போன்களில் எண் வரும்.

2பி பட்டியலைச் சொன்னீர்கள். கற்றாழை இலை முழுச்சாறும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. கிழக்காசியாவின் காய்கறி ஊறுகாயும் உண்டு. வாய்ப்பை மறுக்க முடியவில்லை, நிரூபணமும் இல்லை என்பதே அந்தப் பட்டியலின் பொருள்.

இதை எழுதும்போது என் பேத்தி, தாத்தா நீங்களே நாலு மணி நேரமாகப் போனில் இருக்கிறீர்கள் என்கிறாள். முடித்துக்கொள்கிறேன்.

எலிக்கூண்டு (பதிவு 8)

சுவிஸ் ஆய்வு நேர்மையான ஆய்வு, அதைத் தள்ள மாட்டேன். ஆனால் குறைந்தது உருவ நினைவு ஒன்றுதான். சொல் நினைவில் அப்படித் தெளிவாக எதுவும் வரவில்லை. இன்னொரு குழுவில் உறுதி செய்ய வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். ஸ்கேன் ஆய்வில் சர்க்கரைப் பயன்பாடு சுமார் 7 சதவீதம் கூடியது. அது கெடுதலா என்று அந்தக் கட்டுரையே சொல்லவில்லை. கண்ணை மூடித் திறந்தாலும் மூளையின் ஒரு பகுதியில் சர்க்கரைப் பயன்பாடு மாறும்.

வேடிக்கை வேண்டுமா? 2010இல் தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோய் வருமாறு வளர்த்த சுண்டெலிகளுக்குத் தினம் இரண்டு தடவை, தடவைக்கு ஒரு மணி நேரம், மாதக்கணக்கில் போன் அலையைக் கொடுத்தார்கள். அவற்றின் ஞாபகம் மேம்பட்டது! அதைப் பிடித்துக்கொண்டு, மறதிக்கு மருந்தே போன்தான் என்று யாராவது மேசை போட்டு விற்றால் வாங்குவீர்களா?

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1994இல் ஒரு ஆய்வு. நுண்ணலை பட்ட எலிகள் பல கை உள்ள புதிர்ப்பாதையில் தடுமாறின, இரண்டு மருந்துகளை முன்கூட்டியே கொடுத்தபோது தடுமாற்றம் குறைந்தது. 'பாதுகாப்பு மருந்து' என்ற பேச்சில் நான் மதிக்கும் பழைய வேலை அது. 2004இல் வேறு இரண்டு குழுக்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது தடுமாற்றமே வரவில்லை. நோயே திரும்ப வரவில்லை என்றால் மருந்துக்கு என்ன வேலை?

மனிதர்களை வைத்து ஆய்வகத்தில் செய்த சோதனைகளை எல்லாம் சேர்த்து உலக சுகாதார நிறுவனத்துக்காக 2024இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. போன் அலை பட்ட நேரத்தில் கவனமோ நினைவோ சொல்லும்படி மாறவில்லை என்பதுதான் அதன் முடிவு.

அரூர்_மருந்துக்கடை (பதிவு 9)

எல்லோரும் எலியைப் பற்றியே பேசுகிறீர்கள். அம்மாவைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. பாலக்கோட்டான் தம்பி, அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா? என்ன மாத்திரை, எத்தனை வருடமாக? கறி, மீன், முட்டை எவ்வளவு சாப்பிடுவார்? தூக்கம் எப்படி? சளி, அரிப்புக்கு என்று தொடர்ந்து ஏதாவது மாத்திரை போடுகிறாரா?

பதில் வரும் வரை எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். செல்போன் கதிர்வீச்சால் வரும் மறதிக்கு என்று அனுமதி பெற்ற மருந்து எந்த நாட்டிலும் கிடையாது. நான் ஒளித்து வைத்துக்கொண்டு சொல்லவில்லை, இருந்தால் விற்க மாட்டேனா?

உங்கள் டப்பாவில் உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி இருக்கிறதா பாருங்கள். பொருளின் பெயர் மட்டும் இருந்து அளவு இல்லாத டப்பாவை நான் கடைக்குள்ளேயே விட மாட்டேன். வல்லாரையும் நீர்ப்பிரமியும் நல்ல கீரை, மூலிகைதான். வல்லாரைத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் செறிவாக்கிய வல்லாரை மாத்திரையால் அபூர்வமாகக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. நீர்ப்பிரமி சிலருக்கு வயிற்றைக் கலக்கும். ஜிங்கோவை ஆஸ்பிரினோடு சேர்த்தால் ரத்தக் கசிவு கவலை உண்டு. அந்த ஜிங்கோவையே அமெரிக்காவில் 3,069 முதியவர்களுக்கு வருடக்கணக்கில் கொடுத்து 2008இல் முடிவு சொன்னார்கள்: மறதி நோய் வருவதை அது குறைக்கவில்லை. வைட்டமின் ஈயை அதிக அளவில் தொடர்ந்து எடுத்த ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது என்று 2011இல் ஒரு பெரிய ஆய்வு. சத்து மாத்திரைதானே, என்ன செய்துவிடும் என்ற பேச்சைத் தினமும் பத்துப் பேரிடம் கேட்கிறேன்.

நான் கேள்வி கேட்டதற்குக் காரணம் உண்டு. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் போட்டால் வைட்டமின் பி12 குறையும். பி12 மிருக உணவிலிருந்துதான் வரும், களியிலும் கீரையிலும் கிடையாது. குறைந்தால் மறதி, கால் மரத்துப்போதல், சோர்வு. தைராய்டு குறைந்தாலும் இப்படித்தான். ரத்தசோகை, மனச்சோர்வு, சில அலர்ஜி மாத்திரைகள், குறட்டையோடு கெட்ட தூக்கம் எல்லாமே ஞாபகத்தைக் கெடுக்கும். இவை பெரும்பாலும் சரியாகிவிடக்கூடியவை. டவர்தான் காரணம் என்று உட்கார்ந்துவிட்டால் இவற்றை யார் பார்ப்பது? ரத்தப் பரிசோதனை செய்யும் முன் எந்தச் சத்து மாத்திரையும் கொடுக்காதீர்கள், அளவு தப்பாகக் காட்டும்.

பாலக்கோட்டான் (பதிவு 10)

அண்ணா, நீங்கள் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சர்க்கரை எட்டு வருடமாக, மெட்ஃபார்மின்தான். கறி மாதத்துக்கு ஒரு தடவை, அதுவும் திருவிழா, விசேஷம் என்றால். டீ காபியை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது, பாலும் குடிப்பதில்லை. பாதம் எரிகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார், சர்க்கரை என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். இரவில் ரீல்ஸ் பார்த்து 12 மணிக்கு மேல்தான் தூங்குகிறார், நாலரைக்குப் பால் கறக்க எழ வேண்டும். சனிக்கிழமை அழைத்துப்போகிறேன்.

குருவி_எங்கே (பதிவு 11)

பரிசோதனை செய்யுங்கள், நல்லதுதான். அதற்காக டவர் நிறுவனம் சொல்வதை எல்லாம் நம்பாதீர்கள். சாணத்தில் செய்த சிப் ஒன்றை 2020இல் மத்திய அரசின் பசு ஆணையமே வெளியிட்டதே, கதிர்வீச்சைக் குறைக்கும் என்று. ஒன்றும் இல்லாமலா?

எலிக்கூண்டு (பதிவு 12)

அந்தச் சிப்புக்கு ஆதாரம் காட்டுங்கள் என்று 600க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்துப் போட்டுக் கேட்டார்கள். இதைவிட நல்ல கதை நெதர்லாந்தில் நடந்தது. '5ஜியிலிருந்து காக்கும்' என்று விற்ற பதக்கம், கைவளையம், கண்மூடி என்று பத்துப் பொருட்களை 2021 டிசம்பரில் அரசு பரிசோதித்தது. அவை உண்மையான அணுக்கதிர்வீச்சை வெளியிட்டன. போட்டுக்கொள்ளாதீர்கள் என்று எச்சரிக்கை விட்டார்கள். கழுத்தில் போட்டுக்கொண்டு தூங்கியவர்களை நினைத்துப் பாருங்கள்.

காவேரிப்பட்டினத்துக்காரன் (பதிவு 13)

பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டே இருந்தேன், ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கதிர்வீச்சும் ஞாபகமும் மருந்தும் சேர்ந்து வரும் இடம் ஒன்று உண்டு. என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் மூளைக்குப் பரவி, தலை முழுக்கக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்தார்கள். அது வாத்தியார் சொன்ன, எலக்ட்ரானைப் பிடுங்கும் வகை. ஞாபகம் குறையலாம் என்று முதலிலேயே சொன்னார்கள். அதற்காக மெமான்டின் என்ற மாத்திரை, ஆறு மாதம். 2013இல் வந்த ஒரு ஆய்வில் அந்த மாத்திரை எடுத்தவர்களுக்கு மறதி தள்ளிப்போனது என்று மருத்துவர் விளக்கினார். வசதியுள்ள இடங்களில் ஹிப்போகேம்பஸைத் தவிர்த்துக் கதிரை அடிப்பார்களாம், எங்களுக்கு அது கிடைக்கவில்லை.

அந்த மாத்திரைக்கு முன் எத்தனை கேள்வி, எத்தனை பரிசோதனை, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று எவ்வளவு கவலை! பேருந்து நிலையத்தில் மேசை போட்டு 'கதிர்வீச்சு மறதி மாத்திரை' விற்கிறார்கள் என்று படித்ததும் கோபம் வந்தது. அவ்வளவுதான்.

கம்பம்_ஏறி (பதிவு 14)

அண்ணா, உங்கள் வீட்டம்மா நலமாக இருக்க வேண்டும்.

பாலக்கோட்டான் (பதிவு 15)

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மண்டி சீசன்.

பி12 அளவு 138 வந்தது, 200க்குக் கீழே என்றால் குறைவாம். தைராய்டு சரியாக இருந்தது. ஊசி முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று. மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை, நாங்களாக நிறுத்தவும் கூடாது என்றார் மருத்துவர். வாரம் இரண்டு நாள் முட்டை. பாத எரிச்சல் முதலில் குறைந்தது. மறதி முழுக்கப் போகவில்லை, போன வாரமும் ஒரு தடவை பால் பொங்கியது. ஆனால் கேட்டதையே திரும்பக் கேட்பது நின்றுவிட்டது. நரம்பு மெதுவாகத்தான் தேறும், ஆறு மாதம் பார்ப்போம் என்கிறார்.

போனை இரவில் கூடத்து அலமாரியில் வைக்கிறோம். அலைக்குப் பயந்து செய்யவில்லை. பக்கத்தில் இருந்தால் ரீல்ஸ் பார்ப்பார், அதனால்தான். தங்கையோடு பேச ஒயர் மாட்டிய ஹெட்போன் வாங்கிக் கொடுத்தேன், இரண்டு நாள் போட்டார், மூன்றாம் நாள் மாடு தின்றுவிட்டது. சித்தப்பா மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஊசி போட்டதால் உடம்பு டவரைத் தாங்குகிறது என்கிறார்.

டப்பாவைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று போனேன், அந்த மேசையைக் காணவில்லை. பக்கத்துப் பூக்கடையில் கேட்டால் ஊத்தங்கரைப் பக்கம் போய்விட்டார் என்கிறார்கள். 1,850 ரூபாய் என்று அம்மா நினைவுபடுத்திக்கொண்டே இருக்கிறார். அது மட்டும் ஒரு நாளும் மறக்கவில்லை.

அஞ்செட்டி_அக்கா (பதிவு 16)

அடுத்த ஊசித் தேதியைக் காலண்டரில் சிவப்பில் எழுதி வையுங்கள் தம்பி. மாதம் ஒன்று என்றால்தான் நாம் மறப்போம். சித்தப்பாவுக்கும் சர்க்கரை இருந்தால் அவரையும் ஒரு நடை கூட்டிக்கொண்டு போங்கள்.